இரவல் கண்ணீர்

— எதைக் கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.

— காதுல விழலையா அண்ணி?

— நல்லாவே விழுந்துச்சு. விழுந்தது நிஜந்தானான்னு பார்க்கிறேன்.

— காலையில நீங்க கக்கூஸ் போறப்போ, அதுல கொஞ்சம். ஆஸ்பத்திரியிலேயே ஒரு டப்பா கொடுப்பாங்க. அதுல வச்சு மூடிக் கொடுத்தா போதும்.

— நல்லா இருக்கு கதை! உங்க அண்ணன் போய் மூணு வருஷம் ஆகப்போகுது. அதுக்கப்புறம் நீங்க என் வாசப்படி மிதிக்கல, நானும் உங்க வீட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. இன்னைக்கு டிப்போ வரைக்கும் தேடி வந்து, கழுவுறதுக்கு நிறுத்தியிருக்கிற பஸ்ஸுல ஏறி, என் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி பயணி மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, கேட்கிறது என்னன்னா... கர்மம், எனக்கு வாயில கூட வர மாட்டேங்குது.

— எனக்கும் வழியெல்லாம் வரல. இங்க ஏறி உட்கார்ந்தப்புறம்தான் வந்துச்சு.

— உங்க அண்ணனோட கைக்கடிகாரத்தைக் கேட்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். கேட்டா கொடுத்துடலாம்னு உங்களைத் தூரத்துல பார்த்தப்பவே முடிவு பண்ணிட்டேன்.

— என்னை 'நீங்க'ன்னு சொல்லாதீங்க அண்ணி. முன்னெல்லாம் முட்டைக்கண்ணின்னுதானே கூப்பிடுவீங்க.

— முன்ன நீங்க என் நாத்தனார். இப்போ பயணி. பயணிக்கு மரியாதை கொடுக்கணும்னு டிப்போ வாசல்லயே போர்டு மாட்டியிருக்கு. சரி, அது எதுக்கு உங்களுக்கு? வீட்டுல செடி கிடி வளர்க்கிறீங்களா?

— கண்ணுக்கு.

— எதுக்கு?

— கண்ணுக்கு அண்ணி. என் கண்ணு காஞ்சு போச்சு.

— அதுக்கு அதை எடுத்து... கண்ணுலயா போடப்போறீங்க!

— ஐயோ, கண்ணுல இல்ல. வயித்துக்குள்ள. அதைச் சுத்தம் பண்ணி, அதுல இருக்கிற கிருமியை மட்டும் பிரிச்சு, சின்னச் சின்னக் கூட்டுல அடைச்சு, உறைய வச்சு, மாத்திரை மாதிரி கொடுப்பாங்களாம். முழுங்கணும்.

— முழுங்கணுமா!

— மெதுவா அண்ணி. பஸ் கழுவுறவர் கையில குழாயோட நம்மளையே பார்க்கிறார்.

— பார்க்கட்டும். என் சர்வீஸ்ல இந்த பஸ்ஸுல பிரசவம் பார்த்திருக்கேன், அடிதடி பார்த்திருக்கேன், ஒருத்தன் கோழியைத் தொலைச்சுட்டு நடுரோட்டுல வண்டியை நிறுத்தச் சொன்னதையும் பார்த்திருக்கேன். இப்படி ஒரு கேள்வியை இன்னைக்குத்தான் கேட்கிறேன். சரி, ஊருல இத்தனை ஜனம் இருக்க, ஏன் நான்?

— டாக்டர் கேட்டாங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்லயே வயிறு ரொம்ப நல்லா இருக்கிற ஆள் யாருன்னு. மருந்து மாத்திரை பக்கமே போகாத ஆளா இருக்கணும்னாங்க. நான் யோசிக்கவே இல்ல. வாயில உங்க பேர்தான் வந்துச்சு. உங்களுக்குக் கல்யாணமான புதுசுல, வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு வாந்தி பேதின்னு படுத்தோமே. நீங்க மட்டும் மிச்சத்தையும் வழிச்சுச் சாப்பிட்டுட்டு டியூட்டிக்குப் போனீங்க.

— வீணாப் போகுதேன்னு சாப்பிட்டேன். அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?

— அண்ணன் சொல்லுவானே, 'என் பொண்டாட்டி ஆணியைத் தின்னாலும் கம்பியாத்தான் வெளிய வரும்'னு.

— அவர் பேச்சை இங்க இழுக்காதீங்க. கண்ணு ஏன் காயணும்? நாள் பூராத் தூசியைத் தின்னுறது நான். நீங்க நிழல்ல உட்கார்ந்து பொம்மைக் கண்ணுக்கு பெயின்ட் அடிக்கிறவங்க.

— பொம்மைக் கண்ணு இல்ல அண்ணி. கண்ணை இழந்தவங்களுக்கு வைக்கிற கண்ணு. அவங்களோட இன்னொரு கண்ணைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கருவிழி வரையணும். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு, இமை கொட்டாம. கொட்டினா கோடு தப்பிடும். அதுலயே காஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டர் அது மட்டும் இல்லைங்கிறாங்க. குடல்லயும் ஏதோ இருக்குங்கிறாங்க.

— காயுறதுன்னா எப்படி?

— கண்ணீரே ஊறாது. ஒரு பிடி மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கும். வெங்காயம் அரிஞ்சா எல்லாருக்கும் கொட்டுமே. எனக்கு எரியும், தண்ணி வராது. கொஞ்ச நேரத்துல எல்லாம் மங்கிடும். போன மாசம் ஒரு வாத்தியாருக்குப் பண்ணின கண்ணு திரும்பி வந்துடுச்சு. அவர் கருவிழி ஓரத்துல மெல்லிசா ஒரு சாம்பல் வளையம். நான் அதை நீலமா வரைஞ்சு வச்சிருக்கேன். முதலாளி நல்ல மனுஷர், திட்டல. 'வரையிற மேஜையை விட்டுட்டு பார்சல் கட்டுற இடத்துக்குப் போயிடறியாம்மா'ன்னு கேட்டார். திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

— இது எப்போலேர்ந்து?

— அண்ணன் படுக்கையில விழறதுக்கு முன்னாடியிலேர்ந்தே.

— பொய்.

— நான் ஏன் அண்ணி பொய் சொல்லப்போறேன்?

— நான் என் கண்ணால பார்த்தேன். உங்க அண்ணனைக் கூடத்துல கிடத்தியிருந்தாங்க. நீங்க ஜன்னல் பக்கமா திரும்பி நின்னு, பையிலேர்ந்து சின்னதா ஒரு பாட்டிலை எடுத்தீங்க. தலையை அண்ணாந்து ரெண்டு கண்ணுலயும் ஊத்திக்கிட்டீங்க. அப்புறம் கன்னமெல்லாம் தண்ணி வழிய வந்து என்னைக் கட்டிப் பிடிச்சீங்க.

— அண்ணி...

— அழுகை வரலைன்னா வரலைன்னு ஒரு ஓரமா நின்னிருக்கலாம். அதுல ஒண்ணும் தப்பில்ல. பாட்டில் தண்ணியில அழுது காட்டினீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. அவர் உங்களைத் தோள்ல தூக்கி வளர்த்தவர்.

— இத்தனை நாளா அதனாலதான் பேசலையா?

— பின்ன?

— நான் என்னென்னமோ நினைச்சேன். துக்கத்துல யார்கிட்டயோ ஏதோ தப்பாப் பேசிட்டேன் போலன்னு ஒவ்வொரு பேச்சா ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கேன். இந்தாங்க அண்ணி, அந்த பாட்டில். இப்பவும் பையிலதான் இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை விடலைன்னா இமை உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். அன்னைக்குக் காலையிலேர்ந்து விடவே இல்ல. திறக்க முடியல. உங்க முகத்தைப் பார்க்கணும்னுதான் ஊத்திக்கிட்டேன். யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல.

— ம்.

— நீங்க எல்லாரும் அழுதீங்க. எனக்கு அழுகை உள்ளேயே நின்னுடுச்சு. வெளிய வர வழியில்ல. இன்னைய வரைக்கும் அண்ணனுக்கு நான் ஒரு சொட்டு விடல. மேஜை போயிடும்னு பயமாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா அதைவிட, ஒரே ஒரு தடவை அவனுக்காக அழுதுடணும் அண்ணி. அது முடியலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு.

— அந்த பாட்டிலை இப்படிக் கொடுங்க.

— எதுக்கு?

— என்ன எழுதியிருக்குன்னு படிக்கத்தான். எழுத்து கடுகு கடுகா இருக்கு. விளக்கைப் போடறேன், இருங்க... 'கண் வறட்சிக்கு'. ம்.

— படிச்சீங்களா?

— படிச்சேன்.

— அண்ணி?

— அந்த டப்பா எவ்வளவு பெருசு இருக்கும்?

*

— வாங்க, வாங்க, உட்காருங்க. நீங்கதானே அந்த டிரைவரம்மா? உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன்.

— என்னைப் பத்தியா டாக்டர், என் வயித்தைப் பத்தியா?

— வயித்தைப் பத்திதான். உங்க நாத்தனார் சொன்னதைக் கேட்டதுலேர்ந்து பார்த்தே ஆகணும்னு இருந்தேன். கடைசியா எப்போ மாத்திரை சாப்பிட்டீங்க?

— எந்த மாத்திரை?

— ஏதாவது. சளி, காய்ச்சல்...

— காய்ச்சல் வந்தா போர்த்திக்கிட்டுப் படுப்பேன். அதுக்கே சலிச்சுப்போய்க் கிளம்பிடும்.

— சுவாரஸ்யம்! சரி, உங்க நாத்தனார் எப்படி?

— முட்டைக்கண்ணி, உன்னைத்தான் கேட்கிறாங்க. சொல்லு.

— நான் தும்மினாலே ஆன்டிபயாடிக் போட்டுப்பேன் டாக்டர். பட்டறையில லீவு சொல்ல மனசு வராது. யாரையும் கேட்கிறதில்ல, மருந்துக் கடையில நானே வாங்கிப்பேன். வருஷக்கணக்கா.

— அடேயப்பா. அது கெட்ட கிருமியை மட்டும் தேடிப்பிடிச்சு அடிக்கும்னு நினைச்சீங்களா? வீட்டோட கொளுத்திட்டுப் போயிடும். இனிமே என்னைக் கேட்காம ஒண்ணுகூடத் தொடக்கூடாது.

— டாக்டர், நான் ஒண்ணு கேட்கலாமா? தெரியாமத்தான் கேட்கிறேன்.

— கேளுங்க டிரைவரம்மா. தெரியாமக் கேட்கிற கேள்விதான் எனக்குப் பிடிக்கும்.

— கண்ணு மேல இருக்கு. குடல் கீழ இருக்கு. நடுவுல கழுத்து, நெஞ்சு, ஈரல்னு அத்தனை இருக்கு. இங்கேயிருந்து அங்க போக ரூட்டே இல்லையே?

— இருக்கு. ரத்தம்தான் ரூட். உடம்புக்குக் காவல் நிக்கிற அணுக்கள் இருக்குல்ல, நோய் வந்தா சண்டை போடுற கூட்டம், அதுல பெரும்பாலானது குடலைச் சுத்தித்தான் இருக்கு. குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமி காலங்காலமா குடியிருக்கு. யாரை அடிக்கணும், யாரைச் சும்மா விடணும்னு அந்தக் காவல் கூட்டம் கத்துக்கிறதே அந்தக் கிருமிங்களோட பழகித்தான். நல்ல குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டா, காவல்காரங்களுக்குப் புத்தி கெட்டுப்போகும். ரத்தத்துல ஏறிச் சுத்திக்கிட்டே வந்து, கண்ணீர் சுரக்கிற இடத்துல இறங்கி, நம்ம சொந்த உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிச்சு நொறுக்கும்.

— புரிஞ்சுது. கீழ் ஸ்டாப்புல போதையில ஏறினவன் மேல் ஸ்டாப்புல இறங்கிக் கலாட்டா பண்றான்.

— இதை நான் எழுதி வச்சுக்கலாமா?

— அப்போ இது நிச்சயம்தானா டாக்டர்? என் கண்ணுக்கு இதுதான் காரணமா?

— அப்படிச் சொல்ல முடியாதும்மா. எங்களுக்குச் சந்தேகம், அவ்வளவுதான். குடல்ல கிருமியே இல்லாம வளர்த்த எலிகளுக்குக் கண் சீக்கிரம் காயுது. மத்த எலியோட கழிவைக் கொடுத்தா கொஞ்சம் தேறுது. எலி வரைக்கும் சரி. மனுஷனுக்கும் அப்படியான்னு கேட்டா, இன்னும் தெரியல. அது தெரியாம எனக்குத் தூக்கம் வர்றதில்ல.

— எலிக்கு யார் டாக்டர் டப்பா பிடிச்சது?

— நான்தான். படிக்கிறப்போ.

— இவ்வளவு படிச்சும் உங்க பொழப்பு இப்படியா! முட்டைக்கண்ணி, இவங்களைப் பார்த்தப்புறம் எனக்குக் கூச்சமே போயிடுச்சு.

— ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். இந்தப் பரிசோதனையில சேருறவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் அடுத்தவங்களோடதைக் கொடுப்போம். மீதிப் பேருக்கு அவங்களோடதையே எடுத்து, அதே மாதிரி கூட்டுல அடைச்சு, அவங்களுக்கே திருப்பிக் கொடுத்துடுவோம்.

— அவளோடதை அவளுக்கேவா? அது எதுக்கு?

— மருந்துன்னு நம்பி முழுங்கினாலே சில பேருக்குத் தேறும். அது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே, கிருமியால தேறினது எவ்வளவுன்னு தெரியும்? சீட்டுக் குலுக்கிப் போட்டு, கவர்ல வச்சு ஒட்டிடுவாங்க. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பிரிப்போம்.

— அப்போ நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அலையறது வீணாவும் போகலாம்?

— போகலாம்.

— நல்லா இருக்கு கதை. முகத்துக்கு நேரா சொல்றீங்க பாருங்க, அதுக்காகவே தர்றேன்.

— அப்புறம், கொடுக்கிறவங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கு. முடியற வரைக்கும் வெளிச்சாப்பாடு கூடாது.

— அது நடக்காது டாக்டர். எனக்கு டிப்போ கேன்டீன்தான் அடுப்படி. ஒரு நாள் காலை டியூட்டி, ஒரு நாள் மதியம். வீட்டுல அடுப்புல பூனை தூங்குது.

— நான் சமைக்கிறேன் அண்ணி.

— நீ ஊரோட அந்தக் கோடியில இருந்துக்கிட்டு எப்படிச் சமைப்ப?

— உங்க வீட்டுலயே வந்து இருந்துடறேன். இது முடியற வரைக்கும். இருக்கலாம்ல டாக்டர்?

— ம்... அது கொஞ்சம் சுவாரஸ்யமான சிக்கல். ஒரே வீட்டுல, ஒரே சாப்பாட்டுல இருக்கிறவங்களுக்குக் கொஞ்ச நாள்ல குடல் கிருமியும் ஒரே சாயலா ஆகும்ங்கிறாங்க. புருஷன் பொண்டாட்டி, அக்கா தங்கச்சி, ஏன், நாயும் நாயை வளர்க்கிறவங்களும் கூட.

— இதுல நாய் யாரு டாக்டர்?

— உங்க ரெண்டு பேரையும் சொல்லல! வேண்டாம்னு தடுக்க எங்க விதியில எதுவும் இல்ல. இப்படி ஒருத்தர் குடியே வந்துடுவாங்கன்னு எழுதினப்போ நாங்க யாரும் யோசிக்கல. நான் குறிச்சு வச்சுக்கிறேன். இருங்க, தாராளமா இருங்க.

— கடைசியா ஒண்ணு டாக்டர். அந்த டப்பா மூடி இறுக்கமாத்தானே இருக்கும்? வேகத்தடைன்னா எங்க டிரைவருங்க பிரேக்கே போட மாட்டாங்க.

*

— என் தட்டுல ஏன் அண்ணி கை வைக்கிறீங்க?

— உப்பு சரியா இருக்கான்னு பார்த்தேன்.

— உங்க தட்டுலயும் அதே சாப்பாடுதானே இருக்கு.

— உன் தட்டுல எடுத்தா ருசியா இருக்கு.

— கை கழுவினீங்களா?

— டிப்போவுல கழுவினேன்.

— டிப்போவுலேர்ந்து வீடு வரைக்கும் பஸ் கம்பியைக் காலாலயா பிடிச்சுக்கிட்டு வந்தீங்க?

— ஆரம்பிச்சுட்டா! வந்த நாளா கதவுக் கைப்பிடியைத் துடைக்கிறா, சுவிட்சைத் துடைக்கிறா. பூனை இவளைப் பார்த்தாலே பரண்ல ஏறிக்குது. என் தண்ணி பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில போட்டு நெளிய வச்சுட்டா. அது எத்தனை ரூட் பார்த்த பாட்டில் தெரியுமா?

— அந்த பாட்டில்லதான் வாய் வச்சுக் குடிச்சுட்டு என்கிட்ட நீட்டுறீங்க.

— நீட்டினப்போ குடிச்சியா இல்லையா?

— தாகமா இருந்துச்சு, குடிச்சேன்.

— அப்புறம் என்ன? சரி, இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா? என்னோடது எப்படி இருக்கு?

— உங்களோடதா என்னோடதான்னு யாருக்குத் தெரியும்? ஜில்லுன்னு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுவேன்.

— என்னோடதுதான். எனக்குத் தெரியும். கொஞ்சம் மரியாதையா முழுங்கு.

— அண்ணி.

— ம்.

— அண்ணன் கண்ணு என்ன நிறம்?

— இதென்ன கேள்வி? நீதானே கண்ணு வரையிறவ.

— அதான் வெட்கமா இருக்கு. எத்தனையோ பேர் கண்ணை வரைஞ்சிருக்கேன். அண்ணன் கண்ணை ஒரு நாளும் உத்துப் பார்த்ததில்ல. கூடப் பிறந்தவங்க கண்ணை யாரு பார்க்கிறா? போட்டோவுல கறுப்பாத்தான் தெரியுது.

— கறுப்பு இல்ல. தேன் கலர். இடது கண்ணுல காபிப்பொடி சிந்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும். இல்ல, இரு... வலது கண்ணு.

— இடதா வலதா?

— எனக்கு எப்பவுமே குழப்பம்தான். நான் அவரைப் பார்த்துப் பழகினதே என் தலைக்கு மேல இருக்கிற கண்ணாடியிலதானே. தினமும் முதல் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு என்னையே பார்ப்பார். கண்ணாடியில எல்லாம் மாறித் தெரியும்ல.

— அண்ணன் அந்த சீட்டைக் கல்யாணத்துக்கு அப்புறமும் விடலையாமே.

— விடுவாரா? உட்கார்ந்துக்கிட்டு என்கூடச் சேர்ந்து அவரும் வண்டி ஓட்டுவார். வளைவு வந்தா உடம்பைச் சாய்ப்பார். யாராவது குறுக்க வந்தா தரையில ஓங்கி மிதிப்பார், பிரேக் போடுறாராம். ஒரு நாள் மாடு குறுக்க வந்துடுச்சு. மிதிச்சார் பாரு ஒரு மிதி, செருப்பு கழண்டு பறந்து வந்து என் காலடியில விழுந்துச்சு.

— ஐயோ, அப்புறம்?

— மாடு போனதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். அப்போதான் புதுசா மைக் வச்சிருந்தாங்க. எடுத்து, 'செருப்பைத் தவறவிட்ட துணை டிரைவர் முன்னால் வந்து பெற்றுக்கொள்ளவும்'னு அறிவிப்புக் கொடுத்தேன்.

— பஸ்ஸுல எல்லார் முன்னாடியுமா!

— பஸ்ஸே விழுந்து விழுந்து சிரிக்குது. மனுஷன் வெட்கப்படணுமே? எழுந்து நின்னு, மந்திரி மாதிரி ரெண்டு பக்கமும் கையசைச்சுக்கிட்டே, ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டி வந்து, 'வாகனத்தைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்ல வேண்டாம், கடமை'ன்னார்.

— போதும் அண்ணி... ஐயோ, போதும்... வயிறு வலிக்குது.

— பார்த்துச் சிரி, அந்த வயித்துல என் சொத்து இருக்கு... ஏய்.

— என்ன?

— கன்னத்துல என்னடி அது?

— சாப்பாடு ஒட்டியிருக்கா?

— இல்ல. தண்ணி.

— மருந்து விட்டது வழிஞ்சிருக்கும்.

— எப்போ மருந்து விட்ட?

— இப்போதான், மத்தியானம்... இல்ல, மத்தியானம் விடல. காலையில. காலையிலயா? அண்ணி, நான் இன்னைக்கு பாட்டிலையே எடுக்கலையே.

— தொடாதே. துடைக்காதே. அப்படியே இரு.

— எரியல அண்ணி. சூடா இருக்கு.

— கண்ணீர்னா அப்படித்தான் இருக்கும். மறந்து போச்சா?

— நிக்க மாட்டேங்குது.

— எதுக்கு நிக்கணும்? வரட்டும்.

— அண்ணன்... அண்ணி, அண்ணனைக் கூடத்துல... நான் அவன் காலைக்கூட...

— தெரியும். எனக்குத் தெரியும்டி. வா இப்படி, தட்டைத் தள்ளி வை. அன்னைக்கு வராததும் சேர்த்து வரட்டும்.

*

— பார்த்து அண்ணி, அந்தப் பலகையைத் தட்டிடாதீங்க. எல்லாம் காயுறதுக்கு வச்சிருக்கேன்.

— அம்மாடி! இத்தனை கண்ணும் என்னையே பார்க்குது. நான் என்ன தப்புப் பண்ணினேன்? உன் பட்டறைக்கு இவ்வளவு நாளா ஏன் வராம இருந்தேன்னு இப்போ புரியுது. வெள்ளையில இந்தச் சிவப்பு நரம்பெல்லாம் எதுல வரையிற?

— வரையிறது இல்ல, பட்டு நூல். இழை இழையாப் பிரிச்சு ஒட்டணும். இங்க பாருங்க, இதுதான் அந்த வாத்தியாரோட கண்ணு. மறுபடியும் பண்ணினேன்.

— சாம்பல் வளையம் இருக்கு. ஓரத்துல மஞ்சளா ஏதோ பூத்திருக்கே?

— அவருக்கு அப்படித்தான். முதல் தடவை அது என் கண்ணுக்கே படல. முதலாளி வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். பார்சல் பேச்சையே எடுக்கல. வேற ஒருத்தருக்குக் கண்ணு பண்ணணும்னு அளவைக் கொடுத்துட்டுப் போயிட்டார்.

— இருந்தாலும் ஒரு மாதிரி செத்த பார்வையா இருக்கே.

— காஞ்சு கிடக்குல்ல, அதான். செயற்கைக் கண்ணுக்கும் கண்ணீர் வேணும் அண்ணி. வச்சப்புறம் அவரோட கண்ணீர் பட்டு நனைஞ்சாத்தான் உயிர் வரும்.

— அப்படிப் போடு! எல்லாம் யாரோட உபயம்?

— அண்ணி...

— சும்மா சொல்லு, யாரோட உபயம்? டிப்போ பூரா சொல்லிட்டேன். எங்க கண்டக்டர் அவரோட மாமியாருக்கு வேணும்னு பின்னாடியே வர்றார். எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்க இது என்ன நூலகமான்னு கேட்டேன். எத்தனை நாள் விடியகாலையில டப்பாவை மடியில வச்சுக்கிட்டுப் போயிருக்கேன்! ஒரு நாள் பக்கத்து சீட்டு அம்மா, 'சாப்பாடாம்மா?'ன்னாங்க. ஆமான்னுட்டேன். 'வாசனை ஒண்ணும் வரலையே, பத்தியச் சாப்பாடா?'ன்னாங்க.

— உட்காருங்க அண்ணி. நிக்கிறீங்களே.

— உட்கார நேரமில்ல, வண்டி வெளிய நிக்குது. இந்தா, உன் பெட்டி. எல்லாம் மடிச்சு வச்சிருக்கேன். உன் கைப்பிடி துடைக்கிற துணியும் இருக்கு. அந்த நெளிஞ்ச பாட்டிலையும் உள்ள போட்டிருக்கேன்.

— அது உங்க பாட்டிலாச்சே.

— எனக்கெதுக்கு? நேரா நிக்கக்கூட மாட்டேங்குது. உங்க அண்ணன் கைக்கடிகாரமும் இருக்கு. துணிக்கு நடுவுல சுத்தி வச்சிருக்கேன்.

— எனக்கு எதுக்கு அண்ணி அது?

— வச்சுக்கோ. இனி எப்போ இந்தப் பக்கம் வருவியோ. டாக்டர் சொன்ன கணக்கு முடிஞ்சு போச்சு. நான் மறுபடியும் கேன்டீன், நீ உன் வீடு. பூனைக்கு அடுப்பு கிடைச்சுடும்.

— வருத்தமா அண்ணி?

— எனக்கென்ன வருத்தம்? கண்ணுல தூசி. உன் பட்டறை பூராத் தூசி. எங்க வைக்கட்டும் இதை? கதவோரமா வைக்கவா?

— காலையில டாக்டர் கூப்பிட்டாங்க. கவரைப் பிரிச்சாச்சாம்.

— அதுல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? அதான் உன் கண்ணைப் பார்த்தாலே தெரியுதே.

— அவங்களுக்கே தலை சுத்துதாம். 'சுவாரஸ்யம், சுவாரஸ்யம்'னு மூச்சுவிடாமச் சொன்னாங்க. ஒருத்தரை வச்சு எதையும் முடிவு பண்ணிட முடியாதாம். ஆன்டிபயாடிக்கை விட்டதால இருக்கலாம், தானாவே தேறியிருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாமாம். அப்புறம் நம்ம வீட்டைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டாங்க.

— வீட்டைப் பத்தி என்ன?

— யார் சமைச்சது, யார் தட்டுல யார் கை வச்சாங்க, தண்ணி ஒரே பாட்டில்லயான்னு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— கை கழுவாததையுமா? என் மானத்தையே வாங்கிட்டியே!

— அண்ணி, பெட்டியைக் கீழ வைக்காதீங்க.

— ஏன், தரையில பெயின்டா?

— இல்ல. திரும்ப வீட்டுக்கே கொண்டு போயிடுங்க. சாயங்காலம் நான் வந்து சமைக்கிறேன்.

— என்னடி இது? நல்லாத்தானே ஆயிடுச்சு. என்னோடது உள்ள போச்சு, வேலையை முடிச்சுது. இன்னும் நான் எதுக்கு உனக்கு?

— உங்களோடது இன்னும் அந்த ஆஸ்பத்திரி ஃப்ரீசர்லயேதான் இருக்கு அண்ணி. நான் முழுங்கினது அத்தனையும் என்னோடதேதான்.